கடைசி ஆள் பார்க்கும் வரை

நான் எழுதிய ஒரே ஒரு வரியைச் சென்னையில் ஊர் முழுக்கக் கிண்டல் செய்துகொண்டிருந்த நாட்களில் நான் ஜோகூரில் இருந்தேன். ஓடி ஒளியவில்லை. ஜோகூர் பாருவில் ஒரு கல்லூரியில் டப்பிங் வசனம் பற்றி இரண்டு நாள் வகுப்பு எடுக்கப் போனவள், வகுப்பு முடிந்ததும் ஊர் திரும்பாமல் பத்து பாகாட்டுக்குப் பஸ் ஏறினேன். அதற்குக் காரணம் சிவா.

சிவா பத்து பாகாட்டில் பனியன் துணி பின்னும் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். ‘விண்தோணி’ என்று தமிழில் வந்த ஆங்கில விண்வெளிப் படத்தின் முதல் பாகத்துக்குத் தமிழ் வசனம் எழுதியவள் நான். படம் முடிந்து எல்லோரும் எழுந்து போகும்போது கண் சிமிட்டுவதற்குள் மேலே ஓடிவிடும் பெயர்களில் என் பெயரும் ஒன்று. அதை நின்று படித்து, தேடிப் பிடித்து எனக்கு மின்னஞ்சல் எழுதிய ஒரே மனிதர் அவர்தான். புகழ்ந்தால் நான் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போவேன். நானே எழுதிய இரண்டாம் பாகம் வெளியாகும் வாரத்தில் அந்தப் பக்கம் இருப்பேன் என்று சொன்னதும், எங்கள் ரசிகர் செட்டோடு உட்கார்ந்து பாருங்கள் அக்கா என்று அழைத்தார். போய்விட்டேன்.

புதன்கிழமை நல்ல மழை. ஆயர் ஈத்தாம் வரும்போது பஸ்ஸின் வைப்பர் ஒரு பக்கமாகச் சாய்ந்து செத்துப்போனது. டிரைவர் ஓரங்கட்டிவிட்டு மலாயில் இரண்டு வார்த்தை சொன்னார். நம் ஊராக இருந்தால் அரை நிமிடத்தில் பத்துப் பேர் அவரைச் சூழ்ந்து நின்று பத்து விதமாக வைப்பர் மாட்டக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு இறங்கி, எதிரே வரிசையாக இருந்த மண்பாண்டக் கடைகளுக்குள் போய்விட்டார்கள். பஸ் மறுபடி கிளம்பியபோது என் பக்கத்து இருக்கையில் இருந்த சீன அம்மாள் மடியில் ஒரு பூந்தொட்டி இருந்தது. நானும் ஒரு ஊறுகாய் ஜாடி வாங்கியிருந்தேன். எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை.

சிவாவின் வீட்டில்தான் தங்கினேன். அவர் மனைவி ஸ்டெல்லாவும் அதே தொழிற்சாலையில் வேலை செய்கிறார், வேறு ஷிப்டில். போய் இறங்கியதும் சுடச்சுடச் சோறும் சார்டின் மீன் குழம்பும் போட்டார். எங்கள் வீட்டில் டின் மீனை யாரும் மதிக்க மாட்டார்கள். இவர் கையில் அது கல்யாண வீட்டுக் குழம்பு மாதிரி இருந்தது. மூன்று முறை போட்டுக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் சிவா இரண்டு விஷயம் சொன்னார். முதலாவது, நான்தான் வசனம் எழுதியவள் என்று அவருக்கும் ஸ்டெல்லாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மரியாதைக்காக எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார்கள், உண்மை வராது. ஆகவே நான் சென்னையிலிருந்து வந்த ஒரு ரசிகை, அவ்வளவுதான். இரண்டாவது, அவர்கள் செட்டில் ஒரு சட்டம் இருந்தது. கடைசி ஆள் படம் பார்க்கும் வரை, பார்த்தவர்கள் யாரும் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. எல்லோரும் பார்த்த பிறகு ஒரே இடத்தில் கூடுவார்கள். கடைசியாகப் பார்த்தவர் முதலில் பேச வேண்டும்.

இந்தச் சட்டம் வரக் காரணம் சிவாவேதான். முதல் பாகத்தைக் காலைக் காட்சியில் பார்த்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். ஷிப்டு முடியும்போது அடுத்த ஷிப்டுக்காரர்களை நிற்கவைத்து, எந்த மெஷினில் என்ன கோளாறு என்று ஒப்பித்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். அன்றைக்கும் ஒப்பித்தார். எட்டாம் நம்பரில் ஊசி மாற்றியாகிவிட்டது, ஆறாம் நம்பரில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, தோணியைக் காட்டிக்கொடுத்தது அந்த ரோபோதான். வாய் பழக்கத்தில் ஓடிவிட்டது என்கிறார். எதிரே நின்றவர்களில் மலர் என்ற பெண், மறுநாள் காட்சிக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர், நேரே ஆறாம் நம்பர் மெஷினுக்குப் போய் நூலை முடிந்தாராம். அதன் பிறகு மூன்று மாதம் சிவாவிடம் மெஷினைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

மலர் இப்போது அந்தத் தொழிற்சாலையில் இல்லை. சிங்கப்பூரில் வேலை. வாரம் முழுக்க ஜோகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிறார். சனிக்கிழமைதான் சிகாமட்டில் உள்ள வீட்டுக்கு வருவார். அதனால் அவர்தான் எப்போதும் கடைசி ஆள்.

வியாழக்கிழமை பகல் காட்சிக்கு இரவு ஷிப்டு முடித்தவர்களோடு போனேன். சிவாவையும் சேர்த்து எட்டுப் பேர். எங்களை அழைத்துப் போனவர் மணியம் அண்ணன், தொழிற்சாலை வேன் ஓட்டுபவர். அறுபது வயதுக்காரர், மார்பில் விண்தோணி படம் போட்ட சட்டை போட்டிருந்தார். முதல் பாகத்தை ஏழு தடவை பார்த்தவராம். தோணியின் எந்த அறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்கே விளக்கினார். நானும் தெரியாதவள் போலக் கேட்டுக்கொண்டேன்.

இனி எல்லோரும் பார்த்தாகிவிட்டது, அந்த வரியைச் சொல்லலாம். படத்தின் கடைசியில் தோணியின் கேப்டன், எரியப்போகும் ஒரு கலத்தைத் தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய மகள் நிற்கிறாள். ஆங்கிலத்தில் அவர் பதினான்கு வரி பேசுகிறார். நட்சத்திரமாக இருப்பேன், உன் மூச்சில் இருப்பேன் என்று போகும். நான் பத்து நாள் அதோடு மல்லுக்கட்டினேன். தமிழில் வைத்தால் ஒவ்வொரு வரியும் இரங்கல் கூட்டமாக இருந்தது. நல்ல காலம், அந்தக் காட்சியில் அவர் முழுக் கவசம் போட்டிருக்கிறார், உதடு தெரியாது. உதடு தெரியாத இடம்தான் டப்பிங் எழுதுகிறவளுக்குக் கிடைக்கும் ஒரே விடுதலை. பதினான்கு வரியையும் எடுத்துவிட்டு ஒரே வரி வைத்தேன். "சாப்பிட்டுட்டுத் தூங்கு." மீதி நேரம் முழுக்கக் கவசத்துக்குள் அவர் மூச்சு மட்டும்.

அந்த வரி வந்தது. இருட்டில் பக்கத்தில் இருந்தவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. விளக்குப் போட்டதும் எழுந்தார்கள், வரிசையாக வெளியே வந்தார்கள், ஏசி ரொம்பக் குளிர் என்றார்கள். பிறகு கடைக்குப் போய், நம் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் சாப்பிட்டார்கள். சென்னையில் என்றால் அரங்கின் வாசலிலேயே மைக்கை நீட்டிக்கொண்டு நாலு பேர் நிற்பார்கள், நாற்பது பேர் அதன் முன் பொங்குவார்கள். இங்கே எட்டுப் பேரும் ரொட்டி மொறுமொறுப்பாக இருக்கிறதா என்பதைப் பற்றியே பேசினார்கள். மணியம் அண்ணன் கண்ணைத் துடைத்தது போல இருந்தது. "தூசி லா," என்றார் நான் கேட்காமலே.

சென்னை சும்மா இருக்கவில்லை. மாலைக்குள் என் கைப்பேசி கொதித்துக்கொண்டிருந்தது. கேப்டன் விண்வெளியில் மெஸ் நடத்துகிறார் என்று ஒருவர். கவசத்தின் கையில் தூக்குச்சட்டி வரைந்து ஒருவர். பதினான்கு வரியை விழுங்கிவிட்டு ஏப்பம் விட்டிருக்கிறார்கள் என்று இன்னொருவர். சிலது நன்றாகவே இருந்தது, வேறு யாருடைய வரியாக இருந்திருந்தால் நானே சிரித்துப் பரப்பியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை டப்பிங் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. வீட்டில் பார்க்கும் பதிப்பில் அந்த வரியை எடுத்துவிட்டு முழு வசனத்தையும் பேசவைத்துவிடலாம், திங்கட்கிழமை காலைக்குள் எழுதி அனுப்புங்கள் என்றிருந்தது. மூன்றாம் பாகத்தை யாரிடம் கொடுப்பது என்பதை அதன் பிறகு பேசுவோமாம். பணிவாகத்தான் எழுதியிருந்தார்கள். எனக்குப் புரியாமல் இல்லை. மூன்று பாகமும் என்னுடையது என்று நான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். படத்தை உண்மையாகவே நேசிக்கும் யாராவது ஒருவர், அந்த இடம் சரி அல்லது தப்பு என்று என் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவர்கள் எல்லா ஷிப்டிலுமாகப் பதினைந்து பேர் என்னைச் சுற்றி இருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள். ஸ்டெல்லா வெள்ளிக்கிழமை மாலைக் காட்சி பார்த்துவிட்டு வந்தார். புருஷனும் பெண்டாட்டியும் சோபாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார்கள். ஸ்டெல்லா பாத்திரம் கழுவும்போது பின்னாலேயே போய், பொதுவாக எப்படி இருந்தது என்று மெல்லக் கேட்டேன். எனக்கு ஒரு துணியைக் கொடுத்து, தட்டைத் துடைக்கச் சொன்னார்.

துடைத்துவிட்டு வந்து அந்தப் பதினான்கு வரியையும் எழுதினேன். நட்சத்திரம், மூச்சு, எல்லாம். எழுதத் தெரியாமல் இல்லையே. அனுப்பாமல் வைத்திருந்தேன்.

சனிக்கிழமை மாலைக் காட்சிக்கு மலர் வருவதாக இருந்தது. காலையிலேயே போன் வந்துவிட்டது. சிகாமட்டில் ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது, வீட்டில் வயதான அப்பாவும் மகளும் மட்டும் இருக்கிறார்கள், படத்துக்கு வர முடியாது. சிவா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க அக்கா. அவங்க பாக்காம நாங்க பேச மாட்டோம்." பிறகு, நாம் போய்ச் சாமான் தூக்கி வைக்கலாம் என்றார். மணியம் அண்ணன் வேனை எடுத்தார். எனக்கு வீட்டில் சும்மா இருந்து கைப்பேசியைப் பார்ப்பதைவிட இது மேல்.

வழியில் இரண்டு இடத்தில் சாலைக்கு மேல் தண்ணீர். முதல் இடத்தில் லாரிக்குப் பின்னாலேயே ஒட்டிப் போனோம். இரண்டாவது இடத்தில் எஞ்சின் இருமி நின்றுவிட்டது. "அலமாக்," என்றார் மணியம் அண்ணன், மலாயில் ஒரு ‘ஐயோ’, அவ்வளவுதான். ஒரு மலாய்க் குடும்பம் தங்கள் காரிலிருந்து இறங்கி எங்களோடு சேர்ந்து தள்ளியது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நானும் தள்ளினேன். அந்த வீட்டு அம்மாள் போகும்போது ஒரு பொட்டலம் நாசி லெமாக் கொடுத்துவிட்டுப் போனார். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, கருவாட்டுப் பொரியல், காரமான சம்பல். நனைந்த உடம்போடு வேனில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டது இந்தப் பயணத்தின் நல்ல சாப்பாடுகளில் ஒன்று.

மலரை நான் அழுத்தமான முகத்தோடு கற்பனை செய்திருந்தேன். அவர் கைலியை ஏற்றிக் கட்டிக்கொண்டு, ஃபிரிட்ஜைக் கட்டிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். வணக்கம் சொல்ல நேரமில்லை, நீங்க அந்த முனையைப் பிடிங்க என்றார். ஃபிரிட்ஜ், தையல் மெஷின், அரிசி மூட்டை எல்லாவற்றையும் மேசைமேல் ஏற்றினோம். அப்பா டிவியை விட்டு நகர மாட்டேன் என்றார், டிவியை முதலில் தூக்கி வைத்ததும் தானே நகர்ந்தார். மகள் கவிதா பள்ளிப் புத்தகங்களை அலமாரி உச்சிக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வாசல்படி வரை வந்து யோசித்துக்கொண்டு நின்றது.

திரும்பிப் போகும் சாலையை மூடிவிட்டார்கள். அங்கேயே தங்கிவிட்டோம். மின்சாரம் இல்லை. மாலையில் எனக்குச் சலித்துவிட்டது. எதற்கு இந்தப் பிடிவாதம், மூன்று நாளாக ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை, நன்றாக இருந்திருந்தால் சட்டத்தை மீறியாவது யாராவது உளறியிருக்க மாட்டார்களா என்று தோன்றியது. பதினான்கு வரியையும் அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். சிக்னல் இல்லை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. சற்று நேரத்தில் கைப்பேசியும் அணைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் அடித்தது. தண்ணீர் படியை விட்டு இறங்கிவிட்டது, சாலையும் திறந்துவிட்டார்கள். மலர் மாலை ஜோகூர் பாருவுக்குப் போயாக வேண்டும், அதற்குள் படத்தைப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. வேன் கிளம்பும்போது கவிதா வாசலில் நின்றாள். மலர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "குழம்பு பெரிய சட்டியில இருக்கு. சூடு பண்ணித் தாத்தாவுக்கும் ஊத்து," என்றார். அவள் சரி என்றாள். வேன் திரும்பிவிட்டது. அடுத்த சனிக்கிழமை வரை பிரிந்திருக்கப் போகிறவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

மலர் தனியாக உட்கார்ந்து பகல் காட்சி பார்த்தார். அதுவும் வழக்கமாம், கடைசி ஆளின் முகத்தைப் பார்த்து மற்றவர்கள் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிடக் கூடாது என்பதற்காக. பிறகு எல்லோரும் ஆயர் ஈத்தாமில் ஒரு கடையில் கூடினோம். மலர் அங்கிருந்து பஸ் பிடிப்பது வசதி. மூன்று மேசைகளைச் சேர்த்துப் போட்டார்கள். ஆற்றி இழுத்த பால் தேநீர், தே தாரிக், நுரையோடு வந்தது. கடைக்காரர் என் கைப்பேசியைக் கல்லாப் பக்கத்தில் சார்ஜ் போட்டார். பதினைந்து பேரும் மலரையே பார்த்தார்கள். நான்கு நாள் அடக்கி வைத்தது எல்லோர் தொண்டையிலும் நிற்பது தெரிந்தது.

மலர் தேநீரை ஒரு வாய் குடித்தார். முதல் பாதி இழுவை என்றார். ரோபோவின் ஜோக்குகள் ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை என்றார். அதுவும் நான் எழுதியதுதான், எனக்குச் சுருக்கென்றது. பிறகு டம்ளரை நகர்த்தி வைத்தார்.

"அந்தக் கடைசி இடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளை நிக்குது. ஆளு பெருசா என்னமோ பேசப் போறான்னு பயந்துட்டேன். பேசல. சாப்பிட்டுட்டுத் தூங்குன்னான். அப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சு, அவன் திரும்பி வருவான்."

மணியம் அண்ணனால் பொறுக்க முடியவில்லை. கலம் வெடித்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்.

"வெடிக்கட்டும் அண்ணே. வராதவன்தான் நீட்டிப் பேசுவான். வர்றவன் எதுக்குப் பேசணும்? நான் வாரா வாரம் வீட்டை விட்டுப் போறேன். ஒரு நாள் நட்சத்திரம் அது இதுன்னு பேசுனேன்னா எம்மக பயந்துரும்."

அதன் பிறகு யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. பதினைந்து பேரும் ஒன்றாகப் பேசினார்கள். கவசத்தின் பின்பக்கம் ஒரு பச்சை விளக்கு எரிந்ததை ஸ்டெல்லா பார்த்திருந்தார். அது தப்பிக்கும் கருவி என்று ஒருவர், பேட்டரி விளக்கு என்று ஒருவர். அந்த வரி வந்ததும் சிரித்துவிட்டேன், அப்புறம்தான் அழுகை வந்தது என்றார் ஒரு பெண். சண்டைக் காட்சி பத்தவில்லை என்று மணியம் அண்ணன் மேசையைத் தட்டினார். அந்த வரி பிடிக்கவே இல்லை என்றும் ஒருவர் சொன்னார், கேப்டன் என்றால் நாலு வார்த்தை கம்பீரமாகப் பேச வேண்டாமா என்று. அவர் சொன்னதும் எனக்கு வலிக்கவில்லை. அவரும் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

மலர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ஆனா ஒண்ணு. மூணாவது படத்துல அவன் வந்து இறங்குனதும் பிள்ளைகிட்ட முதல் கேள்வி, பசியாறிட்டியான்னு இருக்கணும். வேற எதையும் பேசவுடக் கூடாது. எழுதுறவங்களுக்கு அது தெரியணுமே."

சிவா என்னைப் பார்த்தார். நான் தேநீரைப் பார்த்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைக்க முடியவில்லை. மணியம் அண்ணன் ஒரு காகிதத்தை நீட்டி, தூசி என்றார்.

அப்போதுதான் கல்லாவில் இருந்த கைப்பேசி நினைவுக்கு வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். உயிர் வந்திருந்தது, சிக்னல் முழுதாக இருந்தது. பதினான்கு வரியும் போய்ச் சேர்ந்துவிட்டது. நன்றி, இதைத்தான் எதிர்பார்த்தோம் என்று ஞாயிற்றுக்கிழமையும் பாராமல் பதில் வேறு வந்திருந்தது.

மண்பாண்டக் கடை வாசலில் நின்றுகொண்டு இன்னொரு மின்னஞ்சல் எழுதினேன். முன்னால் அனுப்பியதைத் தயவுசெய்து தூக்கிப் போடுங்கள், அந்த வரி இருக்கிறபடியே இருக்கட்டும். அதை மாற்றினால் கேப்டன் செத்துப்போவார், மூன்றாம் பாகத்துக்காக இங்கே பதினைந்து பேர் அவரை உயிரோடு வைத்திருக்கிறார்கள். அடுத்த பாகத்தை வேறு யாரிடமாவது கொடுத்தாலும், அவர் வந்து இறங்கும்போது முதலில் என்ன கேட்க வேண்டும் என்பதையும் எழுதினேன். மறுபடி படிக்காமல் அனுப்பினேன். மலரின் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை விமான நிலையத்தில் இரண்டு பதில்கள். ஒன்று கம்பெனியிலிருந்து. உங்கள் காரணத்தைப் பேசிக்கொண்டிருக்கிறோம், சற்றுப் பொறுங்கள் என்று. வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தத் தொழிலில் அது பெரிய விஷயம்.

இன்னொன்று சிவா அனுப்பிய குரல் செய்தி. "மலர் அக்காகிட்ட உண்மைய சொல்லிட்டேன். ஓ, அதான் ஃபிரிட்ஜ தூக்கும்போதுகூட அவங்க மூஞ்சி ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி இருந்துச்சான்னு சிரிச்சாங்க. அப்புறம் ஒரு விஷயம் சொல்லச் சொன்னாங்க. மூணாவது படத்துக்கு லிஸ்ட்ல உங்க பேரையும் போட்டாச்சு. எழுதுறவங்க நீங்க, எல்லாருக்கும் முன்னால பாத்துடுவீங்க. அவங்க பாக்குற வரைக்கும் வாயத் தெறக்கக் கூடாது."

திறக்க மாட்டேன் என்று பதில் அனுப்பிவிட்டு, ஊறுகாய் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு விமானத்துக்காகக் காத்திருந்தேன்.